நோர்வேயில் ஒரு பாட்டனாரைத் தேடுதல்

தில்லியில் எங்கள் குடியிருப்பிலேயே வாழும் தமிழன்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு மாலை என் இல்லத்திற்கு வந்தார். அவர்தம் மகள் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் மணமுடித்து வாழ்கிறார். மருமகனுடைய முன்னோர் நோர்வேயிலிருந்து சென்று குடியேறியவர்கள். பள்ளியில் பயிலும் பேரன் இரு வழி முன்னோரையும் காட்டும் குலமுறைப் படம் ஒன்றை வரையத் தொடங்கினான். தாய்வழியில் அது திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர் வரை சென்றுவிட்டது. தந்தைவழியிலோ 'ஓலே ஹான்சன், நோர்வே, 1882' என்னும் ஒரே வரியோடு நின்றுவிட்டது. (பெயரைச் சற்று மாற்றியிருக்கிறேன்.) அந்நாட்டுப் பழைய பதிவேடுகள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றனவாமே, மொழிபெயர்ப்பாளராகிய நான் சற்றுப் பார்த்துச் சொல்லக் கூடாதா என்று நண்பர் கேட்டார்.

எனக்கு நோர்வே மொழி தெரியாது. அரசாங்கப் படிவங்களையும் அறிக்கைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதே என் தொழில். ஆயினும் அகராதியின் துணையோடு பல மாலைகள் அமர்ந்து தேடினோம். அத்தேடலில் கற்றுக்கொண்டவற்றையே இங்குக் கூற விழைகிறேன்.

'ஓலே ஹான்சன்' என்பதில் ஹான்சனைக் குடும்பப் பெயராகக் கொண்டதே நாங்கள் செய்த முதற்பிழை. பழைய நோர்வேயின் நாட்டுப்புறத்தில் குடும்பப் பெயர் என்பதே இல்லை. ஹான்ஸ் என்பவரின் மகன் ஹான்சன். அந்த ஓலேக்குப் பிறக்கும் மகன் ஓல்சன்; மகள் ஓல்ஸ்தாத்தர், அஃதாவது ஓலேயின் மகள். மணமான பின்னரும் பெண் தன் தந்தையின் பெயரையே தாங்குவாள். கணவன் பெயரை ஏற்பதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறிக்கொண்டே வரும். நிலையான குடும்பப் பெயர் ஒன்றை யாவரும் கொள்ள வேண்டும் என்று அந்நாடு சட்டம் செய்தது 1923-ஆம் ஆண்டில்தான்.

இதைச் சொன்னதும் நண்பர் வாய்விட்டு நகைத்தார். அவர் மகளின் கடவுச்சீட்டில் கடைசிக் கட்டத்தில் நிற்பது அவருடைய சொந்தப் பெயர்தான். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தின்முன் பேனாவோடு திகைத்து நின்ற அனுபவம் தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மில் எவருக்கு இல்லை? அச்சொல்லைத் தமிழாக்கும்போதெல்லாம் நானே தயங்கியதுண்டு.

ஆனால் நோர்வேயர் பெயரில் மூன்றாவது உறுப்பு ஒன்றும் உண்டு. அதுவே தேடலின் உயிர்நாடி. ஒருவர் எந்தப் பண்ணையில் வாழ்ந்தாரோ அப்பண்ணையின் பெயரும் அவர் பெயரோடு சேரும். ஹௌகென் என்னும் பண்ணையில் வாழும் ஓலே, 'ஓலே ஹான்சன் ஹௌகென்' ஆவார். மேடு என்பது ஹௌகென் என்ற சொல்லின் பொருள். மேட்டூரும் மேட்டுப்பாளையமும் நம் நாட்டில் பலவிடங்களில் இருப்பதுபோல் ஹௌகென்களும் அங்கே பற்பல. நம் பெயருக்கு முன் நிற்கும் ஊரின் முதலெழுத்து நாம் தில்லிக்கு வந்தாலும் பம்பாய்க்குப் போனாலும் நம்மோடு வரும். நோர்வேயரின் பண்ணைப் பெயரோ அவ்வாறன்று. அது ஏறத்தாழ ஒரு முகவரியே. ஒருவர் வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் பெயரும் மாறும். மனைவியின் பண்ணையில் வாழப் போகும் மருமகனுக்கு அப்பண்ணையின் பெயரே வரும். ஆகவே ஒரே மனிதர் பிறந்தபோது ஒரு பெயரிலும், மணந்தபோது இன்னொன்றிலும், இறந்தபோது மூன்றாவதொன்றிலும் பதியப்பட்டிருக்கக் கூடும்.

அமெரிக்கா சென்றவர்களுக்கு ஏதேனும் ஒரு பெயரை நிலையாகக் கொள்ள வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. சிலர் தந்தை பெயரைக் கொண்டனர். சிலர் பண்ணைப் பெயரைக் கொண்டனர். உடன்பிறந்த இருவர் வெவ்வேறு குடும்பப் பெயரோடு வாழ்ந்த கதைகள் அங்கே ஏராளம். 1977 முதல் 1981 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக விளங்கிய வால்ட்டர் மான்டேலின் பெயர், மேற்கு நோர்வேயின் ஃபியார்லாந்துப் பகுதியிலுள்ள முன்டால் என்னும் இடத்திலிருந்து வந்தது. அங்கே மலையைக் குடைந்து அமைத்த சாலைச் சுரங்கத்தை 1986-இல் அவரே சென்று திறந்துவைத்தார். புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் க்னூட் ராக்னியின் பெயர் வோஸ் வட்டாரத்து ரொக்னே பண்ணையினுடையது. இத்தகையோரின் வழித்தோன்றல்கள் நல்வினையாளர். பெயரிலேயே ஊர் இருக்கிறது. வெறும் ஹான்சன், ஓல்சன், ஆன்டர்சன் என்று நின்றுவிட்டவர்களின் நிலைதான் இரங்கத்தக்கது.

1825-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் 'ரெஸ்டோராசியோன்' என்னும் சிறு பாய்மரக் கப்பல் 52 பேரோடு ஸ்டவாங்கர் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் அந்நாட்டை விட்டு வட அமெரிக்கா சென்றனர். 1801-இல் அந்நாட்டின் மக்கள்தொகையே ஒன்பது இலட்சத்திற்குள்தான் என்றால் இதன் அளவை உணரலாம். உழத்தக்க நிலம் மிகக் குறைவு. பண்ணை மூத்த மகனுக்கே போகும். இளையவர்கள் பிறர் பண்ணையில் சிறு குடிசையும் துண்டு நிலமும் பெற்று, அதற்கீடாக உழைத்துக் கொடுக்கும் குடிகளாயினர். இக்குடிகளை 'ஹூஸ்மன்' என்பர். நம் ஓலே சென்ற 1882-ஆம் ஆண்டில்தான் அக்குடிபெயர்ச்சி உச்சத்தை எட்டியது. அவ்வொரே ஆண்டில் 28,000-க்கு மேற்பட்டோர் சென்றனர்.

ஆகவே நோர்வேப் பதிவேடுகளைத் திறப்பதற்கு முன் அமெரிக்காவிலேயே தேட வேண்டியது, பிறந்த திருச்சபை வட்டாரத்தின் பெயரும் இயன்றால் பண்ணையின் பெயரும். அமெரிக்க அரசாங்கத்தின் கணக்குகள் பெரும்பாலும் 'நோர்வே' என்பதோடு நிறுத்திவிடும். குடியேறிகள் நிறுவிய லுத்தரன் கோயில்களின் பதிவேடுகளே ஊரைச் சொல்வன. குடும்ப வேதாகமத்தின் முதற்பக்கம், பழைய கடிதங்கள், கல்லறைக் கற்கள், இறப்புச் செய்திகள் ஆகியனவும் சொல்லக்கூடும். பேரன் தன் தந்தைவழிக் கொள்ளுப்பாட்டியின் பெட்டியைக் குடைந்து ஒரு திருமணச் சான்றிதழை எடுத்தான். அதில் 'வோஸ்' என்றிருந்தது. பண்ணையின் பெயர் இல்லை. எனினும் ஒரு நாடு ஒரு வட்டாரமாகச் சுருங்கிவிட்டது.

இனி இணையத்திற்கு வருவோம். நோர்வே தேசிய ஆவணக் காப்பகம் 'டிஜிட்டல் ஆர்க்கிவெட்' என்னும் தளத்தை 1998 முதல் நடத்தி வருகிறது. கட்டணம் எதுவும் இல்லை. ஆங்கிலத்திலும் அதனைப் பயன்படுத்தலாம். குடிமதிப்புக் கணக்குகள், கோயிற் பதிவேடுகள், குடிபெயர்ந்தோர் பட்டியல்கள் ஆகிய மூன்றும் அங்கே நமக்கு முதன்மையானவை.

குடிமதிப்பில் 1801-ஆம் ஆண்டுக் கணக்கு நாட்டு மக்கள் யாவரையும் பெயரோடு குறிக்கிறது. அதற்குப்பின் 1865 வரை எடுத்தவை பெரும்பாலும் தலைகளை எண்ணியவையே, பெயர்கள் இரா. 1865, 1875, 1891, 1900, 1910 ஆகிய ஆண்டுகளின் கணக்குகளில் பெயர்கள் உள்ளன. நூறாண்டு கழிந்த பின்னரே ஒரு கணக்கு பொதுமக்களுக்குத் திறக்கப்படும்; 1920-ஆம் ஆண்டினது 2020 டிசம்பர் முதல் நாளன்று திறக்கப்பட்டது. 1865-ஆம் ஆண்டுக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு குடியிடமும் எத்தனை மாடு, எத்தனை செம்மறி, எத்தனை பீப்பாய் உருளைக்கிழங்கு விதை வைத்திருந்தது என்றுகூட அதில் எழுதியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். அக்கணக்கில் வயது என்பது நடப்பு ஆண்டையும் சேர்த்து எழுதியது. ஐந்து நிரம்பிய சிறுவனுக்கு ஆறு என்றிருக்கும்.

தேடும்போது பெயரின் எழுத்துக்கூட்டலில் பிடிவாதம் கூடாது. ஓலே சிலவிடத்து ஓலா, சிலவிடத்து ஓலாவ். பெயரின் முதற்பகுதியை இட்டு நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் எஞ்சிய வேறுபாடுகளைத் தளமே கண்டுபிடித்துத் தரும். நோர்வே முழுவதிலும் ஓலே ஹான்சன் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து குவிவார்கள். வோஸ் என்று வட்டாரத்தைக் குறித்த பின்னரே எண்ணிக்கை நம் கைக்குள் அடங்கிற்று.

அதற்குள் நண்பருக்குப் பெருமகிழ்ச்சி ஒன்று நேர்ந்தது. வேறொரு தளத்தில் யாரோ தொகுத்து வைத்திருந்த குலமுறை ஒன்றில் நம் ஓலே ஹான்சன் இருந்தார். அங்கிருந்து ஏணி ஏணியாக ஏறினால் நோர்வேயின் பழைய அரசரான அழகுமுடி ஹரால்டையே எட்டலாம்! பேரன் அரச குலத்தவன் என்று அன்றிரவே மினசோட்டாவுக்குச் செய்தி பறந்தது. நான் கோயிற் பதிவேட்டின் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வற்புறுத்தினேன். 1859-இல் பிறந்த அந்த ஓலே, மூன்றாம் வயதில் இறந்து அடக்கமானதை அதே பதிவேட்டின் அடக்கப் பகுதி கூறிற்று. இறந்த சிறுவன் அமெரிக்கா சென்றிருக்க வழியில்லை. தொகுத்தவர் பெயரையும் ஏறத்தாழ ஆண்டையும் கண்டு ஒட்டிவிட்டார். அவரைப் பார்த்து மற்றும் பலர் ஒட்டியிருந்தனர். பிறர் தொகுத்த குலமுறை ஒரு துப்பாகலாமேயன்றிச் சான்றாகாது. இப்பிழையைத் திருத்தி மறுபடி மினசோட்டாவுக்கு எழுதுவது நண்பருக்கு எளிதாக இல்லை.

உண்மையான ஓலேயைக் காட்டிக்கொடுத்தது குடிபெயர்ந்தோர் பட்டியலே. கப்பலேறுவோரின் பெயர், வயது, வாழ்ந்த வட்டாரம், செல்லுமிடம் ஆகியவற்றைத் துறைமுகக் காவல்துறையினர் பதிந்துவந்தனர். பெர்கன் துறைமுகத்துப் பட்டியலில் 1882-இல் வோசிலிருந்து சென்ற 22 வயது ஓலே ஹான்சன் ஒருவர் இருந்தார். ஊரை விட்டுச் செல்வோரைக் கோயில் குருவும் தம் பதிவேட்டில் தனியே குறிப்பார். அங்கே பிறந்த நாளும் குடிசையின் பெயரும் கிடைத்தன. அந்நாளைக் கொண்டு 1860-ஆம் ஆண்டின் ஞானஸ்நானப் பக்கத்தைத் திறந்தோம்.

கோயிற் பதிவேடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1812-இல் வந்த ஆணைக்குப்பின் அவை கட்டம் போட்ட படிவங்களில் எழுதப்பட்டன. பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோர் பெயர், அவர்தம் நிலை, குடியிருப்பு, ஞானப் பெற்றோரின் பெயர்கள் எல்லாம் அவற்றில் உண்டு. ஞானப் பெற்றோரின் பெயர்களைத் தள்ளிவிடலாகாது. அவர்கள் பெரும்பாலும் மாமன், சிற்றப்பன், அத்தை முறையினரே. பதினைந்து வயதளவில் நடக்கும் திடப்படுத்தலின் பதிவில், அம்மை குத்திக்கொண்ட நாளையும் காணலாம். 1810-இல் வந்த சட்டத்தின் பயன் அது. 1812-க்கு முற்பட்டவற்றிலோ நாள் என்பதே பெரும்பாலும் இராது. 'திரித்துவத் திருநாளுக்குப் பின் ஐந்தாம் ஞாயிறு' என்பதுபோல் இலத்தீனில் சுருக்கி எழுதியிருப்பார்கள். கிழமையும் திதியும் கொண்டு பிறந்த நாளைச் சொல்லும் நம் பாட்டிமாருக்கு அது வியப்பாயிராது.

எழுத்தும் பழைய காதிக் கையெழுத்து, மொழியோ டேனிஷ். தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டிய அதே டென்மார்க் முடியரசின்கீழ்தான் நோர்வே 1814 வரை இருந்தது. ஏட்டு மொழி அதன் பின்னரும் நெடுங்காலம் மாறவில்லை. முதல் வாரம் ஒரு வரியும் எனக்குப் புலப்படவில்லை. அறிந்த பெயர்களின் எழுத்துகளை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் படிக்கப் பழகினேன்.

ஓலேயின் தந்தை ஹான்ஸ் ஓல்சன் என்னும் ஹூஸ்மன். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடுவது அந்நாட்டு வழக்கம். நம் வழக்கமும் அதுவே. ஆகவே ஹான்சின் தந்தையும் ஓலே. இவ்வழக்கத்தை ஊகத்திற்குத் துணையாகக் கொள்ளலாம். மெய்ப்பிக்கப் பதிவு வேண்டும். 1865-ஆம் ஆண்டுக் கணக்கில் இக்குடும்பம் ஒரு பசுவும் ஆறு ஆடுகளும் உடையதாய்க் காணப்பட்டது. அரச குலம் போய்விட்டது. ஆனால் இந்தப் பசு மெய்யான பசு என்று நண்பர் கூறினார்.

பண்ணைகளின் வரலாற்றை வட்டாரந்தோறும் நூல்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். 'பிக்டெபோக்' என்பது அவற்றின் பொதுப்பெயர். தேசிய நூலகம் இவற்றைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருப்பினும், பதிப்புரிமை நீங்காதவற்றை நோர்வேக்குள் இருப்போரே முழுதும் படிக்க இயலும். பண்ணை உடைமையாளரைப் பற்றி அவை தலைமுறைக் கணக்காக விரித்துரைக்கும். ஹூஸ்மன் குடும்பங்களுக்கு இரண்டொரு வரிகளே. பண்ணைப் பெயர்களின் பொருளையும் பழைய வடிவங்களையும் அறிய ஓலுஃப் ரீக் என்னும் அறிஞரின் பெருந்தொகுப்பு இணையத்தில் கிடைக்கிறது.

1886-ஆம் ஆண்டு நிலப் பதிவேட்டில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண்ணும் உட்பிரிவு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள், நம் புல எண்ணும் உட்பிரிவும் போல. அந்நாட்டு நில அளவைத் துறையின் 'நோர்கெஸ்கார்ட்' என்னும் வரைபடத் தளத்தில் அவ்வெண்ணை இட்டால் பண்ணை தோன்றும். குடிசை தோன்றாது, அது தாய்ப்பண்ணையின் எல்லைக்குள் அடங்கியது. வட்டார வரலாற்றுச் சங்கத்திற்கு ஒரு மடல் எழுதுமாறு நண்பரிடம் கூறினேன். ஆங்கிலத்திலேயே எழுதலாம். பண்ணை, வட்டாரம், ஆண்டு, நாம் ஏற்கெனவே பார்த்த பதிவுகள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்து ஒரு கேள்வி மட்டும் கேட்பது நன்று. நண்பரின் மடல் அரைப்பக்கந்தான். இரண்டு வாரங்களில் விடை வந்தது. ஹான்சின் குடிசை இருந்த சரிவில் இப்போது பிர்ச் மரங்கள் வளர்ந்திருக்கின்றனவாம். அடித்தளக் கற்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவாம்.