மணவீட்டிற்கு எதை உடுத்திச் செல்வது?

துளசி விவாகம் கழிந்துவிட்டால் மும்பையில் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வில்லை. நாம் ஆடியையும் மார்கழியையும் தவிர்ப்பது போல, மராட்டிய மக்கள் ஆஷாடம் முதல் கார்த்திகம் வரையுள்ள சாதுர்மாசத்தில் மணவினை நடத்துவதில்லை. அத்தடை நீங்கியதும் அலுவலகத்தில் மேசைக்கு மேசை அழைப்பிதழ்கள் வந்து சேரும். எங்கள் இல்லத்திற்கு இவ்வாண்டு ஒரே மாதத்தில் ஐந்து வந்தன. மராட்டியர் ஒருவர், குஜராத்தியர் ஒருவர், சீக்கியர் ஒருவர், நம்மவர் இருவர். ஐந்தையும் வரிசையாக வைத்துக்கொண்டு எங்கள் இல்லத்தரசி கேட்ட முதற் கேள்வி, "எதைக் கட்டிக்கொண்டு போவது?" என்பதே.

இது பெண்களுக்கே உரிய கவலை என்று நகைக்கும் ஆடவர் உளர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவர்தாம். ஆனால் இந்தச் சிறு கேள்விக்குத் தவறான விடை கண்டு, பணத்தையும் இழந்து, பணத்தினும் பெரிதான ஒன்றையும் இழக்க இருந்தோம். அதனை மறைக்காமல் எழுதினால், நம்மைப் போன்ற குடும்பங்கள் சிலவற்றுக்கேனும் பயன்படும் என்று கருதுகிறோம்.

2019ஆம் ஆண்டு தை மாதம். திருநெல்வேலியில் எங்கள் தமக்கையாரின் மகளுக்குத் திருமணம். ஊரிலுள்ளோருக்கு நாம் ரயில்வே குமாஸ்தா அல்லோம், "பம்பாய்க்காரர்". பம்பாய்க்காரர் வீட்டுப் பெண் பழம் புடவையில் வந்து நின்றால் ஊர் என்ன சொல்லும்? இந்த ஒரு நினைவு எங்களைப் பிடித்து ஆட்டியது. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 30,000 ரூபாய் கடன் பெற்றோம். இல்லத்தரசிக்கு ஒரு காஞ்சிப் பட்டு, பிள்ளைகள் இருவருக்கும் இரண்டிரண்டு உடுப்பு, நமக்குச் சரிகை வேட்டி, சட்டை. வட்டியும் சேர்த்து மாதம் 1,650 ரூபாய் வீதம் 20 தவணைகள் சம்பளத்தில் பிடித்தம். திருமணம் இனிதே நடந்தது. அந்தப் பட்டை ஊரில் பார்த்தவர் எத்தனை பேர், அதைப் பற்றி ஒரு சொல் சொன்னவர் எத்தனை பேர் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். சொன்னவர் இருவர். அவர்களுள் ஒருவர் விலையைத்தான் கேட்டார்.

நிற்க. அவ்வாண்டு வைகாசியில் தாராவியில் மற்றொரு திருமணம். எங்கள் தந்தையாருடன் இருப்புப்பாதையில் கேங்மேனாக உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் மூத்த மகளுக்கு. தந்தையார் மறைந்த நாளில் எங்கள் வீட்டு வாசலில் முதலில் வந்து நின்றவர் அவரே. அப்போது ஐந்து தவணைகளே முடிந்திருந்தன. இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள்: மஞ்சள் பூசும் நாளில் எல்லாரும் மஞ்சள் உடை, மருதாணி நாளில் பச்சை, வரவேற்பன்று இளஞ்சிவப்பு. மூன்று நாட்களுக்கு நான்கு பேருக்குப் புதிதாக எடுக்கக் கையில் காசில்லை. தையில் கட்டிய பட்டையே மீண்டும் கட்டிச் செல்லவும் மனம் கூசிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

மறுநாள் மாலை பெரியவர் ஒரு தூக்குப் பாத்திரத்துடன் வந்தார். பந்தியில் மிஞ்சிய லட்டும் முறுக்கும் கொண்டுவந்திருந்தார். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்பது தெரிந்துவிட்டது. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "தம்பி, பந்தியிலே பரிமாற ஆள் பத்தலே. நீ வருவேன்னு உனக்காக ஒரு வாளியை எடுத்து வச்சிருந்தேன். உங்க அப்பா இருந்தா டூட்டி உடுப்போடயே வந்து நின்னிருப்பாரு" என்றார். அவ்வளவே. கடிந்து பேசவில்லை. நாம் தலை குனிந்தோம்.

அன்று ஒன்று விளங்கியது. அழைத்தவர் நம்மிடம் எதிர்பார்ப்பது நம்முடைய ஆடையை அன்று, நம்மையே. விருந்தினர் உடை என்பது நம் செல்வத்தை மணவீட்டாருக்குக் காட்டுவதற்கில்லை. அவர்கள் வீட்டு மங்கலத்தை நாம் மதிக்கிறோம் என்பதைக் காட்டுவதற்கே. தூய்மையும் அடக்கமும் இருந்தால் அந்த மதிப்பு நிறைந்துவிடும். உடை இல்லை என்பதற்காகப் போகாமல் இருப்பதே உண்மையான அவமதிப்பு.

இதை ஏற்றுக்கொண்டால், அடுத்த வேலை வீட்டிலுள்ளதைப் பேணுவது. பெரும்பாலான வீடுகளில் மணநாளில் எடுத்த பட்டுப் புடவை ஒன்று பெட்டிக்குள் உறங்குகிறது. அதை எழுப்பினாலே போதும். பட்டைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தல் வேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் மும்பையின் ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் அந்த இடத்திலேயே இழை இற்றுப்போகும். அந்துருண்டை சரிகையைத் தொடலாகாது. வாசனைத் திரவியத்தைப் புடவையின் மீது தெளித்தால் சரிகை கறுக்கும். அடிக்கரையில் ஃபால்ஸ் துணியை மாற்றி, முந்தானைக் குஞ்சத்தைப் புதிதாக முடிந்து, அளவுக்கு ஏற்ற புதிய ரவிக்கை ஒன்று தைத்துக்கொண்டால், பன்னிரண்டு ஆண்டுப் புடவையும் புதுப்பொலிவு பெறும். இத்தனைக்கும் ஆகும் செலவு, ஒரு மாதத் தவணையைக்கூட எட்டாது.

இனி, மணவீட்டின் வழக்கறிந்து உடுத்தல். ஊரில் இருந்தால் இந்தக் கவலை இல்லை. இங்கோ அண்டை வீட்டார் ஒரு மொழி, அடுத்த மேசைக்காரர் ஒரு சமயம். ஒருவருக்கு மங்கலமானது மற்றவருக்கு அவ்வாறில்லை.

மராட்டியத் திருமணத்தில் மணமக்களுக்கு நடுவே அந்தர்பாட் என்னும் திரைத்துணியைப் பிடித்து மங்களாஷ்டகம் பாடுவார்கள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வந்திருப்போர் யாவரும் அட்சதை தூவுவார்கள். ஆகையால் கையைத் தடுக்காத உடையும், நன்கு செருகிய முந்தானையும் வசதியானவை. கருநிறம் வேண்டா. சங்கராந்திக்குக் கறுப்புப் புடவை உடுத்தி மகிழும் மராட்டியப் பெண்கள், மணவிழாவில் அந்நிறத்தை மங்கல சூத்திரத்தின் கருமணிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாசலில் ஆடவருக்குத் தலையில் பேட்டா கட்டிவிட்டால் மறுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அது நமக்குச் செய்யும் மரியாதை.

குஜராத்தி இல்லமொன்றில் எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். சிவப்புக் கரையிட்ட பால்வெள்ளைப் பட்டு ஒன்றை இல்லத்தரசி உடுத்தி வந்தார். மண்டபத்தில் நுழைந்ததும் மூதாட்டிகள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்தனர். காரணம் விளங்கவில்லை. சற்று நேரத்தில் மணமகள் வந்தாள். அவள் உடுத்தியிருந்ததும் சிவப்புக் கரையிட்ட வெள்ளையே! பானேதர் என்னும் அச்சேலை, தாய்மாமன் சீராக வரும் மணச்சேலையாம். நம் தாய்மாமன் சீரை ஒத்த வழக்கம் அங்கும் இருப்பது கண்டு வியந்தோம். முன்னமே கேட்டறியாதது குறித்து வெட்கமும் கொண்டோம். அவ்வீட்டு மூதாட்டி எங்கள் இல்லத்தரசியின் கையைப் பற்றித் தம் அருகே அமர்த்திக்கொண்டு அந்த வெட்கத்தைப் போக்கினார்.

சீக்கியர் திருமணம் குருத்வாராவில் நடைபெறும். அங்கு ஆண், பெண் இருபாலரும் தலையை மூடுதல் கட்டாயம். காலணியை வெளியே விட வேண்டும். புகையிலையும் சிகரெட்டும் சட்டைப்பையில்கூட இருத்தலாகாது. மணமக்கள் குரு கிரந்த சாகிபை நான்கு முறை வலம் வரும் வரையில் யாவரும் தரையில் அமர்ந்திருப்பர். இறுக்கமான கால்சட்டை அணிந்து சென்றால் படும் பாட்டை அனுபவித்தவரே அறிவர். பெரிய கைக்குட்டை ஒன்றைக் கொண்டுசென்றால் தலைக்கு அதுவே போதும்.

கிறித்தவ இல்லங்களில் வெண்மை மணமகளுக்கு உரியது. நம் தமிழ்க் கிறித்தவர்களிலும் மணமகள் வெண்பட்டு உடுத்துவது பரவலான வழக்கம். அங்கு விருந்தினராகச் செல்லும் பெண்கள் வெள்ளைப் புடவையைத் தவிர்ப்பதே பண்பு. பார்சி மணமகளும் வெண்ணிறமே உடுத்துவாள். மணமகனும் டக்லி என்னும் வெள்ளைச் சட்டை அணிவான். அவர்களுடைய கல்யாண விருந்து வாழையிலையில் பரிமாறப்படுவதைக் காணும் தமிழருக்கு, ஊர்ப் பந்தியில் அமர்ந்த நினைவு வரும். முஸ்லிம் அன்பர் வீட்டு நிக்காஹுக்குத் தோளும் கையும் மறையும் உடையும், பெண்களுக்குத் தலையில் இட்டுக்கொள்ள ஒரு துப்பட்டாவும் பொருத்தமானவை. வட இந்திய இந்துக் குடும்பங்கள் பலவற்றில் வெண்ணிறம் துக்கத்திற்கு உரியது. ஆகவே பெண்கள் முழு வெள்ளையில் செல்லாமலிருத்தல் நலம்.

இத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அழைப்பிதழ் தருபவரிடமே, "உங்கள் வீட்டில் எந்த நிறம் ஆகாது? தலை மூட வேண்டுமா? தரையில் அமர வேண்டுமா?" என்று கேட்டுவிடலாம். இம்மூன்றையும் கேட்டதற்காக இதுவரை எவரும் முகம் சுளித்ததில்லை. தம் வழக்கத்தை ஒருவர் அறிய விரும்புகிறார் என்று மகிழ்ந்தவரே மிகுதி.

ஆடவருக்கு ஒரு சொல். மும்பையில் வேட்டி கட்டிச் செல்ல நம் இளைஞர்கள் கூச்சப்படுகின்றனர். கூசுவதற்கு ஒன்றுமில்லை. வேட்டி உடுத்தி வந்தோரைச் சென்னை மன்றமொன்று உள்ளே விட மறுத்தபோது, அத்தகைய தடைகளை நீக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2014ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றியது. சட்டம் காத்த உடையை நாம் கைவிடலாமா? சலவை செய்த வேட்டியும், கரையிட்ட அங்கவஸ்திரமும் எந்த மணவீட்டிலும் மதிப்பைப் பெறும். கோட்டுக்கும் சூட்டுக்கும் கடன் வாங்க வேண்டியதில்லை.

மாலை வரவேற்புக்கு லோக்கல் வண்டியில் செல்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஆறு மணிக்கு மேல் தாதரில் இறங்கும் பட்டுப் புடவை, பட்டுப் புடவையாக இறங்குவதில்லை! அதைப் பையில் கொண்டுசென்று மண்டபத்தில் மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. மஞ்சள் பூசும் நாளுக்கு வீட்டிலுள்ள பழைய மஞ்சள் பருத்திப் புடவை போதும். எப்படியும் மஞ்சள் கறை படியத்தான் போகிறது. பிள்ளைகளுக்குச் சரிகையும் மினுக்கும் வேண்டா. வியர்வையில் அரித்தால் அழுகைதான் மிஞ்சும்.

முன்னே சொன்ன பெரியவரின் இளைய மகளுக்குச் சென்ற மாதம் திருமணம் நடந்தது. இம்முறையும் மூன்று நாட்களுக்கு மூன்று நிறங்கள் குறிக்கப்பட்டிருந்தன. எங்கள் இல்லத்தரசி தம் மணநாள் பட்டையே உடுத்தினார். அதன் நிறம் அந்த மூன்றனுள் எதுவும் அன்று. மணப்பெண்ணின் தாயார் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இது உன் கல்யாணப் பட்டுதானேம்மா? அன்னைக்கு உனக்குக் கொசுவம் வச்சு விட்டதே நான்தான்" என்று கண் கலங்கினார். 2019இல் கடன்பட்டு வாங்கிய புடவைக்கு இப்படியொரு சொல் கிடைக்கவில்லை.

நாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்திக்குப் போனோம். பெரியவர் ஒன்றும் பேசாமல் சாம்பார் வாளியைக் கையில் கொடுத்தார். மூன்று பந்திகள் முடிவதற்குள் வெள்ளைச் சட்டையின் முன்புறமெல்லாம் மஞ்சள் தெறித்துவிட்டது. அந்தச் சட்டையுடனேயே மணமக்களுக்கு அருகே எங்களை நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார் அவர்.

அன்பர்களே, அடுத்த அழைப்பிதழ் வரும்போது முதலில் "போகிறோம்" என்று முடிவு செய்யுங்கள். எதை உடுத்துவது என்பதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.