விலை குறைகிறதே என்று வாங்கலாமா?

மளிகையோடு கவரிங் நகையும் விற்கும் வணிகர்களுக்கு ஒரு கணக்கு. தோடு 12 டஜன் எடுத்தால் டஜன் 180 ரூபாய், குறைத்து எடுத்தால் 200 என்று வைத்துக் கொள்வோம். விற்பது 240. பன்னிரண்டும் எடுத்தால் முதல் 2,160. எட்டு விற்று, மீதி கறுத்துப் போனால் வரவு 1,920, நட்டம் 240. அதே எட்டை 200-க்கு எடுத்திருந்தால் லாபம் 320.

வளையலும் அப்படியே. 2-4, 2-6 அளவுகள் ஓடும். 2-2, 2-10 தேங்கும். அளவு பார்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

மொத்த வியாபாரியான நானே சொல்கிறேன்: மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து 12 டஜன் எடுங்கள். ஆளுக்கு நான்கு, விலையும் 180. முதல் முடங்காதிருப்பதே முதல் லாபம்.