உத்திரமேரூரின் நடுக் குடும்பம் எவ்வளவு சம்பாதிக்கிறது?

ஒரு வட்டாரத்தின் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் வரும் குடும்பத்தின் வருமானமே இடைநிலை வருமானம். பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே இருக்கும், பாதி மேலே. சராசரி வேறு. ஐந்து குடும்பங்கள் மாதம் 8,000, 10,000, 12,000, 15,000, 1,55,000 ரூபாய் ஈட்டினால் சராசரி 40,000. ஐந்தில் நான்கு குடும்பங்கள் அதில் பாதியைக்கூடப் பார்த்ததில்லை. இடைநிலை 12,000. ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதைச் சொல்லும் எண் இதுதான்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டத்துக்கு அந்த எண்ணைக் கணக்கிடுவது எளிதல்ல. 1950 முதல் நடந்துவரும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பெரும்பாலும் செலவைத்தான் கேட்கிறது. வருமானத்தைக் கேட்கும் முயற்சி 1950களிலும் 60களிலும் நடந்தது. மக்கள் சொன்ன வருமானம் அவர்களுடைய செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக வந்ததால் அது கைவிடப்பட்டது. 2022-23 செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழகக் கிராமங்களில் ஒருவருக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், இந்தியக் கிராமங்களில் 3,773. பயனுள்ள எண்கள்தான். ஆனால் இவை செலவு, தலைக்கு, அதுவும் சராசரி.

வருமானத்தைக் குறைத்துச் சொல்வது பொய் சொல்லும் ஆசையால் மட்டுமல்ல. ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். சம்பா நெல்லில் சில மூட்டை வீட்டுக்கு, மிச்சம் நேரடி கொள்முதல் நிலையத்துக்கு. உரம், நடவுக் கூலி, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போனபிறகே லாபம் தெரியும். பால் பணம் கறவை நிற்கும்வரைதான். அம்மாவுக்கு நூறு நாள் வேலைக் கூலி சில மாதங்களில் வரும், சில மாதங்களில் வராது. மகன் ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான். கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் உண்பவர்கள். அதனால் அவன் சம்பளம் இந்த வீட்டுக் கணக்கில் வராது, அனுப்பும் பணம் மட்டுமே வரும். கம்பெனி வேனில் தினமும் போய்வந்தால் முழுச் சம்பளமும் இங்கேதான். வீட்டின் நிலை பெரிதாக மாறாமலே எண் மாறிவிடுகிறது.

நேராகக் கேட்க முடியாததால் அரசுகள் காலங்காலமாக வேறு அடையாளங்களை நாடியிருக்கின்றன. உத்திரமேரூர் கோயில் சுவரில் உள்ள பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு, சபை வாரியங்களுக்குக் குடவோலையில் பெயர் இடுவதற்குக் கால் வேலிக்கு மேல் வரிகட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் கேட்கிறது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கூடவே நன்செய் ஐந்து ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட் என்ற வரம்புகளும் உண்டு. நிலமும் மின்சாரமும் பதிவேட்டில் இருப்பவை. சலுகைக்காகச் சொல்லப்படும் வருமானமோ வரம்புக்குக் கீழேயே குவியும். அதை மட்டும் வைத்து இடைநிலை காண்பது தவறு.

2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு வருமானத்தைத் தொட்டது, மூன்றே படிகளில். இந்தியக் கிராமக் குடும்பங்களில் சுமார் 74.5 சதவீதத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குள் இருந்தது. பாதிக்கு மேல் முதல் படியிலேயே அடங்கியதால் அந்த வருமானத்தின் இடைநிலையும் அங்கேதான். ஆனால் அது 2,000ஆ 4,500ஆ என்று அந்தப் பட்டியலால் சொல்ல முடியாது.

மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு வட்டத்தின் பங்குக்கு வரும் குடும்பங்கள் மிகச் சில. இதற்கு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் ஃபே, ஹெரியட் இருவரும் 1979இல் ஒரு வழி காட்டினார்கள். கணக்கெடுப்பு தரும் நேரடி மதிப்பு ஒன்று. மின் நுகர்வு, பாசனப் பரப்பு, தொழிலாளர் விவரம் போன்ற பதிவுகளிலிருந்து ஊகிக்கும் மதிப்பு மற்றொன்று. எதில் பிழை குறைவோ அதற்கு அதிக எடை கொடுத்து இரண்டையும் கலக்க வேண்டும். அமெரிக்காவில் கவுண்டி தோறும் ஆண்டுதோறும் இடைநிலை வருமானம் வெளியாவது இதே வழியில்தான், வரிப் பதிவுகளின் துணையோடு. விவசாய வருமானத்துக்கு வரி இல்லாத நம் ஊரில் அந்தத் துணை மெலிந்தது.

காலப்போக்கில் ஒப்பிடுவது இன்னும் கடினம். 1997இல் மாவட்டத்திலிருந்து திருவள்ளூர் பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு தாம்பரம், பல்லாவரத்தோடு பிரிந்தது. பழைய ‘காஞ்சிபுரம் மாவட்ட’ எண்ணைப் புதியதோடு வைத்தால் மக்கள் ஏழையானதுபோலத் தோன்றலாம், மாறியது எல்லை மட்டுமே என்றாலும். விலைவாசியையும் கழிக்க வேண்டும். இந்தியக் கிராமங்களின் தலைச்செலவு 2011-12இல் 1,430 ரூபாய். அது 3,773 ஆனது இரண்டரை மடங்குக்கும் மேல். பழைய விலையில் பார்த்தால் 2,008தான், அதாவது 40 சதவீத உயர்வு. தமிழக விவசாயக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 2012-13இல் 6,980 ஆக இருந்து 2018-19இல் 11,924 ஆனதையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

2025 முதல் மாதிரிக் கணக்கெடுப்பு மாவட்டத்தை அடிப்படை அலகாகக் கொள்கிறது. 2026இல் நாடு தழுவிய குடும்ப வருமானக் கணக்கெடுப்பு நடத்துவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. மாவட்ட எண் வந்தாலும் அதை ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகள் மேலே இழுக்கும். உத்திரமேரூருக்கு ஃபே-ஹெரியட் வழிக் கணிப்பு அப்போதும் தேவைப்படும், ஒற்றை எண்ணாக அல்லாமல் கீழ் எல்லையும் மேல் எல்லையும் சேர்த்து.