குழந்தைகளுக்கு ஃபுளோரைடு பூச்சு பாதுகாப்பானதா?

பால் பற்களுக்கு ஃபுளோரைடு பூச்சைப் பரிந்துரைக்கும்போது, “அது நஞ்சல்லவா?” என்று பெற்றோர் பலர் எங்களிடம் வினவுகின்றனர். இவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு மக்களின் பற்களையும் எலும்புகளையும் பாதித்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களுள் அப்பாதிப்பைக் குறைப்பதும் ஒன்றாகும். நமக்கு அண்மையில், நெல்லை மாவட்டத்து மானூர் வட்டாரத்திலும் பற்கறைப் பாதிப்பு ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

ஆயினும் அதுவும் பூச்சும் ஒன்றல்ல. ஈறுக்குள் பல் உருவாகும் ஆண்டுகளில், மிகையான ஃபுளோரைடை நாள்தோறும் விழுங்குவதால் உண்டாவது பற்கறை. பூச்சோ, முளைத்த பல்லின் மீது மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மெல்லியதாகத் தடவப்படுவது. உமிழ்நீர் பட்டதும் அது இறுகிவிடும். எனாமலை வலுப்படுத்திச் சொத்தையைத் தடுக்கும்.

ஒரு குழந்தைக்கு வழக்கமாகப் பயன்படும் 0.25 மில்லிலிட்டர் பூச்சில் ஏறத்தாழ 5.6 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அவசரச் சிகிச்சை தேவைப்படும் அளவு 50 மில்லிகிராம். 1000 பிபிஎம் பற்பசையின் 100 கிராம் குழாயிலோ 100 மில்லிகிராம் உள்ளது. ஆகவே, குழந்தையின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டியது பற்பசையே. மூன்று வயதுவரை ஓர் அரிசிமணி அளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவும் போதும். குழந்தை பற்பசையை அதிகமாக விழுங்கிவிட்டால், பால் கொடுத்து உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருக.

தென்காசிப் பகுதியில் குடிநீர் எங்கும் ஒரே தன்மையுடையதன்று. குற்றால மலையிலிருந்து இறங்கும் ஆற்றுநீர் போன்றவற்றில் ஃபுளோரைடு பொதுவாகக் குறைவு. பாறைகளுக்கிடையே நெடுங்காலம் தங்கிய ஆழ்துளைக் கிணற்று நீரில் அது மிகுந்திருக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாதபோது 1.5 வரை அனுமதிக்கப்படும். காய்ச்சுவதால் ஃபுளோரைடு நீங்காது. ஆழ்துளை நீரில் புட்டிப்பால் கலக்கும் தாய்மார், அந்நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்வது நன்று.

வாய்ப்புண், ஈறுப்புண், பிசின் ஒவ்வாமை இருப்பின் பூச்சுக்கு முன்பே தெரிவிக்கவும். பூசிய பின் பற்கள் சற்று மஞ்சளாகத் தோன்றலாம். துலக்கத் தொடங்கியதும் அது மறையும். அன்று கடினமான, சூடான உணவைத் தவிர்த்து, மறுநாள் துலக்கினால் போதும்.

வீட்டில் எந்த நீரைப் பருகுகிறீர்கள் என்பதை எங்களிடம் கூறுங்கள். பற்பசையின் அளவையும் பூச்சின் இடைவெளியையும் அதற்கேற்ப முடிவு செய்வோம்.