வெளியூர் அணி நம்மூர் அணி ஆவது எப்படி?

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் ‘சென்னை புல்ஸ்’ என்னும் அணி ரக்பி பிரிமியர் லீக் கோப்பையை வென்ற செய்தி வந்தது. தமிழ்நாட்டுப் பெயர் தாங்கிய அணி வென்றதில் எங்களுக்கெல்லாம் பெருமை. கூடவே ஒரு சந்தேகமும் எழுந்தது. போட்டியில் ஆறு அணிகள் இருந்தன. ஆட்டங்களோ அனைத்தும் மும்பையில் நடந்தன. “அப்படியானால் சென்னை என்பது சட்டையில் மட்டும்தானா?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியின் பின்னால் போனதில் பிறந்ததே இக்கட்டுரை.

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதில் ஒரு பிரிவுக்கு ‘ரக்பி லீக்’ என்று பெயர். அணிக்குப் பதின்மூன்று பேர். அது பிறந்த கதை கோவைக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். இங்கிலாந்தின் வடபகுதி, மில்களும் சுரங்கங்களும் நிறைந்தது. தொழிலாளர்கள் வேலையை விட்டு ஆடப் போனால் சம்பளம் பிடிக்கப்படும். அந்த இழப்பை ஈடுசெய்ய வடபகுதிச் சங்கங்கள் விரும்பின. தலைமைச் சங்கம் மறுத்தது. ஆகவே 1895 இல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனியே பிரிந்தன. இதை எங்கள் தோழி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தன் அப்பிச்சியிடம் சொன்னபோது, “சம்பளத்தைப் புடிச்சா எவன் கண்ணு வெளையாடப் போவான்?” என்றாராம். அவருக்கு ரக்பி தெரியாது, விஷயம் தெரிந்துவிட்டது.

இந்த ஆட்டத்தைப் புதிய ஊர்களுக்குக் கொண்டுபோகப் பலமுறை முயன்றிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தார் வேறொரு வகைக் கால்பந்தையே உயிராகக் கருதுபவர்கள். அங்கே 1998 இல் மெல்போர்ன் ஸ்டார்ம் என்ற ரக்பி அணி ஆடத் தொடங்கியது. மறு ஆண்டே கோப்பையை வென்றது. ஆனால் கோப்பையால் மட்டும் அது நிலைக்கவில்லை. அதன் உரிமையாளரான பெரிய பத்திரிகை நிறுவனம் 2013 வரை கைவிடாமல் தாங்கியது. மாறாகக் கனடா நாட்டின் டொரன்டோ அணி, 2017 இல் இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவில் ஆடத் தொடங்கி, 2020 இல் முதற்பிரிவுக்கு ஏறியது. மைதானத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். கடல் கடந்து வரும் எதிரணியின் பயணச் செலவையும் அதுவே ஏற்றது. தொலைக்காட்சிப் பணத்திலோ பங்கு இல்லை. கொரோனா வந்ததும் அதே ஆண்டு ஜூலையில் விலகியது.

டொரன்டோவின் கதையைப் படித்தபோது எங்களுக்கு எங்கள் ஊரின் கதைதான் நினைவுக்கு வந்தது. வ.உ.சி. பூங்காவுக்கு அருகில் உள்ள நேரு ஸ்டேடியத்தை அறியாத கோவைச் சிறுமி உண்டோ! சென்னை சிட்டி எஃப்.சி. என்ற கால்பந்து அணி அதைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டிருந்தது. சென்னையில் ஏற்கெனவே வேறொரு பெரிய அணி இருந்தது. பெயர் சென்னையாகவும் மைதானம் கோவையாகவும் இருந்ததில் எங்கள் அண்ணன்மாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எனினும் 2019 மார்ச் 9, சனிக்கிழமை, அந்த வருத்தம் மறந்துபோயிற்று. அன்று கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் அணி முதலில் ஒரு கோல் போட்டுவிட்டது. பிறகு நம்மவர்கள் மூன்று கோல் போட்டு 3-1 என்று வென்றனர். 43 புள்ளிகளுடன் ஐ-லீக் சாம்பியன்! புகழ்பெற்ற ஈஸ்ட் பெங்கால் அணிக்கு 42. அப்போது நாங்கள் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள். தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்களில் இருவர் உண்டு. அவர்களுக்கு நினைவில் நிற்பது கோல் அன்று, இரைச்சல்தான்.

அதே 2019 இல் ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் நிலைப் போட்டி என்று அறிவிக்கப்பட்டது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. இரண்டாம் நிலையில் வென்றால் மேலே ஏறலாம் என்ற வழி 2022-23 இல்தான் திறந்தது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியும் அடுத்த வகுப்புக்கு அனுப்பாவிட்டால் எப்படி இருக்கும்? பின்னர் கொரோனா. 2020-21 ஆட்டங்கள் கொல்கத்தாப் பகுதியிலேயே நடந்தன. அதன்பின் அந்த அணி ஐ-லீகில் ஆடவே இல்லை. சாம்பியனாகி இரண்டே ஆண்டுகள்!

கிரிக்கெட்டின் நிலை வேறு. 2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீகில் 2023 இல் கோவை அணியும் 2025 இல் திருப்பூர் அணியும் கோப்பையை வென்றன. தெருவுக்குத் தெரு ஆட்டம் முன்பே இருந்தது. மாநிலச் சங்கம் பின்னால் நின்றது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் அந்தப் போட்டியில் வெளிப்பட்டுத்தான் இந்திய அணி வரை போனார். அவர் தம் ஊரிலேயே அமைத்த மைதானம் 2023 இல் திறக்கப்பட்டது. லீக் போனாலும் அந்த மைதானம் இருக்கும் அல்லவா?

எங்களுக்கு ஒரு குறையும் உண்டு. மேலே சொன்ன அணிகள் யாவும் ஆண்களுடையவை. 2023 இல் பெண்களுக்கான பிரிமியர் லீக் கிரிக்கெட் ஐந்து அணிகளோடு தொடங்கியபோது அவற்றுள் தமிழகத்து அணி ஒன்றும் இல்லை. சென்னைக்கே இல்லாதபோது கோவைக்கு எங்கே!

இனி ஏதாவது ஓர் அணி, ரக்பியோ கால்பந்தோ, கோவைக்கு வருமானால் கைதட்ட நாங்கள் தயார். ஆனால் டிக்கெட் வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்போம். ஐந்தாம் ஆண்டுச் செலவை யார் தருவார்? சனிக்கிழமை காலையில், ஆட்டம் இல்லாத நேரத்தில், அந்த மைதானத்தில் எங்களை ஓடவிடுவீர்களா?