அடைக்கக் கூடாத ஓட்டைகள்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருக்கும் என் அத்தைக்குச் சிக்கனம்தான் உயிர். வீட்டில் ஓட்டை எதைக் கண்டாலும் அடைத்துவிட்டுத்தான் மறுகாரியம். சென்ற மாதம் திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி அவளைப் பார்க்கப் போனேன். அடுப்பில் பிரஷர் குக்கர். மூடியைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய துவாரத்தில் ஒரு திருகாணி!

"வாசல்ல போன ரிப்பேர்க்காரன் போட்டுக் கொடுத்தான். ஆவி ஒழுகிண்டே இருந்துது. காஸ் வீண்தானே?" என்றாள் அத்தை.

முதலில் அடுப்பை அணைத்தேன். குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. சுமார் 120 டிகிரி வரை சூடேறுகிறது. பருப்பு சீக்கிரம் வேகும் ரகசியம் அதுதான். வெயிட் உட்காரும் குழாயைப் பருப்புத் தோலோ புளிச் சக்கையோ அடைத்துக்கொண்டால், ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த ஆபத்துக்கென்றே வால்வின் நடுவில் எளிதில் உருகும் கலப்பு உலோகம் வைத்திருக்கிறார்கள். சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். சில குக்கர்களில் மூடியின் விளிம்பில் நீளமாக ஒரு வெட்டும் உண்டு. அழுத்தம் மிஞ்சினால் ரப்பர் வளையம் அதன் வழியே பிதுங்கி ஆவியை விடுவிக்கும். திருகாணி உருகுமா? குக்கர்தான் வெடிக்கும்!

அத்தை இதோடு விடவில்லை. சிலிண்டரின் அடி வளையத்தில் இருந்த துளைகளைக் காட்டி, "இதுவும் காரணமாத்தானா?" என்றாள்.

ஸ்ரீரங்கத்துச் சமையலறைகளைத்தான் தெரியுமே, தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் திருப்தி! அந்தத் தண்ணீர் அடியில் தேங்கித் துருப்பிடிக்காமல் வடியவும், காற்றோடவுமே அந்தத் துளைகள். அப்படியே மேலே, கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தையும் பாருங்கள். ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி, ஏப்ரல் முதல் ஜூன். சி, ஜூலை முதல் செப்டம்பர். டி, அக்டோபர் முதல் டிசம்பர். 'பி 28' என்றிருந்தால், 2028 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டர் மறு சோதனைக்குப் போயாக வேண்டும். கெடு தாண்டியதை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், தாட்சண்யம் வேண்டாம்.

கூடத்தில் பேரன் கடித்துக்கொண்டிருந்த பால்பாயிண்ட் பேனாவின் மூடியிலும் ஒரு துளை. தவறி விழுங்கிச் சுவாசக் குழாயில் சிக்கினால், டாக்டரிடம் போகும் வரை கொஞ்சமாவது மூச்சு ஓட வேண்டுமே! அதற்காக வைத்ததுதான். ஆனாலும் மூடியைப் பிடுங்கி வைத்தேன்.

மறுநாள் திருச்சி பெரிய கடை வீதிக்குப் போய், அந்தக் குக்கருக்கென்றே கம்பெனி செய்யும் வால்வை வாங்கி வந்தோம். அதுவரை அத்தை வெண்கலப் பானையில்தான் சாதம் வடித்தாள்.