கொழுப்பிலும் ஒரு நல்ல பிள்ளை

'கொழுப்பு' என்கிற வார்த்தைக்குத் தமிழில் நல்ல பெயரே கிடையாது. 'உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் சண்டை. டாக்டர் சொன்னால் கவலை. ஆனால் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சூடாக்குவதையே முழுநேர உத்தியோகமாக வைத்திருக்கும் ஒரு கொழுப்பு நம் உடம்பில் இருக்கிறது. பெயர், பழுப்புக் கொழுப்பு.

நான் பி.காம். அதனால் கணக்கு வழக்காகவே சொல்லிவிடுகிறேன். இடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் கொழுப்பு ஃபிக்ஸட் டெபாசிட். போட்டது போட்டதுதான், லேசில் வெளியே வராது. பழுப்புக் கொழுப்போ செலவுக் கணக்கு.

1551-லேயே இதைப் பார்த்தவர் சுவிட்சர்லாந்தின் கொன்ராட் கெஸ்னர். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் மார்மட் என்ற அணில் ஜாதிப் பிராணியின் தோள்களுக்கு நடுவே இருந்தது. கொழுப்புமில்லை, சதையுமில்லை என்று எழுதி வைத்தார். பழுப்பு நிறத்துக்குக் காரணம், அந்தச் செல்களில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் குட்டி அடுப்புகளும் அவற்றில் உள்ள இரும்பும்.

மற்ற செல்களில், அணைத் தண்ணீர் டர்பைனைச் சுற்றி மின்சாரமாகிற மாதிரி, எரிபொருளின் சக்தி ஏ.டி.பி. என்ற சரக்காக மாறும். பழுப்புக் கொழுப்பில் யு.சி.பி.1 என்றொரு புரோட்டீன் பக்கத்து மதகைத் திறந்து விட்டுவிடுகிறது. சரக்கு உற்பத்தி குறைந்து, சக்தியெல்லாம் சூடாகிறது. உடம்புக்கு அப்போது வேண்டியதும் அதுதான்.

சரி, விறகு எது? தோலில் குளிர் பட்டதும் நரம்புகள் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. உடனே செல், தனக்குள் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்த கொழுப்பை உடைக்கிறது. அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலம்தான் மதகுக்குச் சாவி, அடுப்புக்கு விறகும் அதுவே! கையிருப்பு குறையக் குறைய, வெள்ளைக் கொழுப்பின் டெபாசிட்டை உடைத்து ரத்தத்தில் வரும் கொழுப்பையும், கூடவே சர்க்கரையையும் இழுத்துக்கொள்கிறது.

குழந்தைப் பருவத்தோடு இது போய்விடும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேனில் கதிரியக்கக் குளுகோஸை ஏற்றிப் பார்த்தால், சிலருக்குக் கழுத்தும் காறை எலும்பு ஓரமும் பளிச்சென்று தெரிந்தன. பெரியவர்களுக்கும் இது உண்டு என்பதை 2009-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' பத்திரிகையின் ஒரே இதழில் வெளியான 3 ஆய்வுகள் உறுதிசெய்தன.

அப்படியானால் முக்கியத் தீனி சர்க்கரையா? அவசரப்படாதீர்கள். அந்த ஸ்கேன் பார்த்ததே சர்க்கரையைத்தான்! 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், செல்லுக்குள் கொழுப்பு உடைவதை மருந்து கொடுத்துத் தடுத்தார்கள். அடுப்பு அடங்கிப்போனது, குளிரில் இருந்தவர்களுக்கு நடுக்கம் அதிகமானது. முதல் விறகு கொழுப்புதான். உள்ளே போகும் சர்க்கரையில் ஒரு பங்கு எரிகிறது. ஒரு பங்கு கொழுப்பாக மாறி, காலியான கையிருப்பை நிரப்புகிறது.

'இளைக்க வழி கிடைத்தது' என்று ஃபிரிட்ஜைத் திறந்து அதன் முன்னால் உட்கார வேண்டாம். பெரியவர்களிடம் இது கொஞ்சம்தான். வயசாக ஆக இன்னும் குறையும்.

உயிர் காக்கும் விஷயமாக இது இருப்பது பிறந்த குழந்தைக்கு. அதற்கு நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தோள்பட்டை நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கும் இந்த அடுப்புதான் துணை. குளிர விட்டால் ஆக்சிஜன் செலவு எகிறும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். குறைமாதக் குழந்தைக்கோ விறகும் குறைவு, அடுப்பும் சின்னது.

அதனால்தான் பிறந்தவுடன் ஈரம் துடைத்து, குல்லா போட்டு, தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனைக்கும் பைசா செலவில்லை.

பிறந்த அன்றைக்கே குளிப்பாட்டியாக வேண்டும் என்று வீட்டில் யாராவது வெந்நீரும் கையுமாக வந்தால் பணிவாகச் சொல்லுங்கள்: 'ஒரு நாள் பொறுங்க பெரியம்மா. குழந்தை இப்பத்தான் அடுப்பைப் பத்த வெச்சிருக்கு. அதுல தண்ணியை ஊத்திடாதீங்க!'